அஞ்சறைப் பெட்டியும் பென்சிலினும்



புனே நகரின் வடமேற்கே பவனா ஆற்றங்கரையில் அமைந்த ஊர் சிஞ்ச்வட். கணபதி பக்தரான மோரயா கோசாவியின் சமாதிக் கோயிலால் அறியப்பட்டிருந்த இவ்வூர், நாடு விடுதலை பெற்ற பின்னர் தொழில் நகரமாக வளர்ந்தது. இதனை அடுத்துள்ள பிம்ப்ரியில் 1954-ஆம் ஆண்டு இந்துஸ்தான் ஆண்டிபயாடிக்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம் உருவாயிற்று. உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் இதற்குத் துணைநின்றன. மறு ஆண்டே அங்குப் பென்சிலின் உற்பத்தி தொடங்கியது. புனே நகரிலோ அதற்கு முன்பே, 1933-இல், திலக் ஆயுர்வேதக் கல்லூரி தோன்றியிருந்தது. ஆகவே, ஒரே வட்டாரத்தில் இரு மருத்துவ முறைகளும் வேரூன்றின.

இரவும் பகலும் முறை மாறிப் பணியாற்றுவோர் நிறைந்த தொழில் நகரங்களில் நேரம் தவறிய உணவும், செரியாமையும், தூசியால் வரும் தொண்டைக் கரகரப்பும் பொதுவானவை. இவற்றுக்கு வீட்டு அஞ்சறைப் பெட்டி எதுவரை போதும்? எப்போது மருத்துவரை நாட வேண்டும்? இவ்வினாவுக்குத் தெளிவான விடை தேவை.

ஒரே வழியின் இரு முனைகள்

உண்ட உணவைச் செரிக்கும் ஆற்றலை ஆயுர்வேதம் 'அக்னி' என்று குறிப்பிடுகிறது. அது குறையும்போது மந்தமும் வயிற்று உப்புசமும் தோன்றும். சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றும் சேர்ந்த திரிகடுகம் இதற்கு உரியது. பெருங்காயம், ஓமம், சீரகம், இந்துப்பு முதலிய எட்டுச் சரக்குகள் அடங்கிய ஹிங்வாஷ்டக சூரணத்தை நெய்யுடன் சோற்றின் முதல் கவளத்தில் பிசைந்து உண்பது வழக்கம்.

ஆனால், செரியாமை எல்லாம் ஒன்றல்ல. புளித்த ஏப்பம், நெஞ்செரிச்சல், தொண்டை எரிவு ஆகியவற்றோடு வருவது 'அம்லபித்தம்'. மாதவ நிதானம் இதனைத் தனி நோயாகவே வகுத்துரைக்கிறது. இதற்குத் திரிகடுகம் போன்ற காரமான மருந்து எரிச்சலை மிகுவிக்கும். நெல்லிக்காய், அதிமதுரம் போன்ற குளிர்ச்சி தருவனவே ஏற்றவை. அண்டை வீட்டாருக்குப் பயன்பட்ட சூரணம் தமக்கும் பயன்படும் என்று எண்ணுவது எத்தகைய பிழை என்பது இதனால் விளங்கும்.

இரைப்பை அமிலம் மேலேறித் தொண்டையை அரிக்கக்கூடும் என்பதை நவீன மருத்துவமும் ஏற்கிறது. உண்டவுடன் படுக்காதிருத்தல், இரவு உணவைக் குறைத்தல், புகையிலையை விலக்குதல் ஆகியவற்றை இரு முறைகளும் ஒருங்கே வலியுறுத்துகின்றன. இவற்றுக்குச் செலவு ஏதுமில்லை.

அதிமதுரம் தரும் பாடம்

தொண்டைக் கரகரப்புக்கு வெதுவெதுப்பான உப்புநீரால் கொப்பளித்தல், அதிமதுரத் துண்டை வாயிலிட்டுச் சுவைத்தல், தாளிசாதி சூரணத்தைத் தேனில் குழைத்து உண்ணுதல் ஆகியவை நெடுங்கால வழக்கங்கள். இவற்றுள் அதிமதுரத்தின் வரலாறு சிந்திக்கத்தக்கது. 1940-களில் நெதர்லாந்து மருத்துவர் ஒருவர், அதிமதுரச் சாறு இரைப்பைப் புண்ணை ஆற்றுவதைக் கண்டார். அதனை உண்டவர்களுள் சிலருக்கு உடல் வீங்குவதையும் கண்டார். அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின் என்னும் பொருள் உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது. ஆகவே, இரத்த அழுத்த நோயாளிகளும் கருவுற்ற மகளிரும் அதனைத் தாமாகவே தொடர்ந்து உண்ணலாகாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தேன் தருவதும் கூடாது. இயற்கையானது என்பதனாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது.

எல்லை எது?

தொண்டை வலிகளுள் பெரும்பாலானவை வைரஸ்களால் வருவன. சில நாட்களில் தாமே தணிவன. அவற்றுக்குப் பென்சிலின் பயன்படாது. தேவையின்றி அதனை உண்பது, கிருமிகள் மருந்தை எதிர்க்கும் திறன் பெறவே வழி செய்யும். ஆயின், ஸ்டிரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் வரும் தொண்டை அழற்சி வேறு வகைப்பட்டது. 5 முதல் 15 வயது வரையுள்ள சிறுவர்களுக்கு இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின் இது மூட்டு வாதக் காய்ச்சலாகி, இதய வால்வுகளை நிலையாகப் பழுதாக்கக்கூடும். நோய் தொடங்கிய 9 நாட்களுக்குள் பென்சிலின் சிகிச்சை தொடங்கினால் இதனைத் தடுக்கலாம். இங்குக் கஷாயத்தை மட்டுமே நம்பிக் காத்திருப்பது குழந்தையின் வாழ்நாளைப் பணயம் வைப்பதாகும்.

வயிற்றுக்கும் இத்தகைய எல்லை உண்டு. இரைப்பைப் புண்ணுக்கு ஹெலிகோபாக்டர் என்னும் கிருமி முக்கியக் காரணம் எனக் கண்டறிந்த மார்ஷல், வாரன் ஆகியோருக்கு 2005-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அக்கிருமியை ஒழிக்கத் தனிச் சிகிச்சை வேண்டும். கறுத்த மலம், காரணமற்ற உடல் இளைப்பு, விழுங்குவதில் இடர், மூன்று வாரம் நீடிக்கும் குரல் கம்மல் ஆகியவை உடனே பரிசோதிக்கத்தக்கவை. வியர்வையோடு நெஞ்சை அழுத்தும் வலியை 'வாயு' என்று கருதிப் பெருங்காயம் கரைத்துக் குடித்துக் காலம் தாழ்த்துவது உயிருக்கே ஊறு விளைவிக்கலாம்.

செய்யத்தக்கவை

ஆயுர்வேத மருந்துகளும் 1964-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே மருந்துச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. எனவே, உரிம எண்ணும் காலாவதி நாளும் அச்சிடப்பட்ட மருந்தையே வாங்குதல் வேண்டும். வேறு மருந்து உண்போர் அதனை ஆயுர்வேத மருத்துவரிடமும், சூரணம் உண்போர் அதனை ஆங்கில மருத்துவரிடமும் மறைக்காமல் கூறுதல் வேண்டும். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் சில மருந்துகள் இரத்தத்தில் சேரும் அளவைக் கூட்ட வல்லது. பள்ளி ஆசிரியர்களும் சுகாதாரப் பணியாளர்களும் காய்ச்சலோடு தொண்டை வலி கொண்ட சிறுவர்களைத் தாமதமின்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புதல் வேண்டும்.

நோயின் முதல் நாளில் அஞ்சறைப் பெட்டி உதவலாம். அபாயக் குறி தோன்றியதும் அதனை மூடிவைத்து மருத்துவமனைக்குச் செல்வதே அறிவுடைமை. இந்த அளவை அறிந்து நடக்கும் குடும்பத்துக்கு இரு மருத்துவ முறைகளும் பயன் தரும்.