குதிக்காலில் பிளேட் வைக்காதீர்கள்

(பளையில் தென்னந்தோட்டத் தொழிலாளர் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசும் சங்கம் இன்று குதிக்காலைப் பற்றிப் பேசுகிறதே என்று நினைப்பீர்கள். கால் நடந்தால்தான் நாட்சம்பளம். ஆகவே இதுவும் சங்கத்தின் பேச்சுத்தான்.

பளை மணலில் வெறுங்காலோடும் தேய்ந்த செருப்போடும் நாள் முழுக்க நடக்கிறோம். தேங்காய் பொறுக்கிச் சுமக்கிறோம், உரிக்க மணிக்கணக்காய் நிற்கிறோம். பாரமும் உராய்வும் ஒரே இடத்தில் விழும்போது, உள்ளே இருப்பதைக் காக்கத் தோல் தடிக்கிறது. அதுதான் காய்ப்பு. காய்ப்பு உலர்ந்தால் வெடிக்கிறது. பித்தவெடிப்பு என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் காரணம் பெரும்பாலும் காலுக்குக் கீழேதான் இருக்கிறது. அது மாறாதவரை சீவிச் சீவி எடுத்தாலும் திரும்ப வரும்.

வைத்தியசாலைக்குப் போனால் ஒருநாள் சம்பளம் போய்விடும் என்று வீட்டிலேயே பிளேட்டால் சீவுகிறோம். அதை விடுவோம். மாலையில் இளஞ்சூட்டு நீரில் 10 நிமிடம் காலை வையுங்கள். நுரைக்கல்லால் மெதுவாகத் தேயுங்கள். ஒரே நாளில் முழுவதையும் எடுக்கப் பார்க்காதீர்கள். ஈரம் துடைத்து, தேங்காயெண்ணெயோ வாசலீனோ பூசி, காலுறை போட்டுப் படுங்கள். மிகவும் தடித்திருந்தால் பாமசியில் யூரியா கிறீம் கேளுங்கள். கல்லை ஆளுக்கொன்றாக வைத்திருங்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் இவற்றை வீட்டில் செய்யவே வேண்டாம். அவர்களுக்குக் காலில் உணர்வு மங்கியிருக்கலாம். சூடும் காயமும் தெரியாது. காய்ப்புக்கு அடியிலேயே புண் பழுக்கும். தினமும் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். வெடிப்பில் இரத்தம், சீழ், சிவப்பு, வீக்கம் கண்டால் யாராயிருந்தாலும் அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கே காசு கேட்கமாட்டார்கள். மண் பட்ட காயமென்றால் ஏற்பு ஊசி பற்றியும் கேளுங்கள்.

நிர்வாகத்திடம் நாங்கள் கேட்பது பெரிய விடயமல்ல. கத்தியும் அலவாங்கும் வேலைக்கருவி என்றால், குதியை மூடிய, தடித்த அடியுள்ள பாதணியும் வேலைக்கருவிதான். கிளினிக் நாளில் சம்பளம் வெட்டக்கூடாது.

யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் 1987 முதல் செயற்கைக் கால் பொருத்தி வருகிறது. போர் எடுத்த கால்கள் எத்தனையென்று இந்த மண்ணுக்குத் தெரியும். மிஞ்சிய கால்களில் ஒன்றையும் பிளேட்டுக்குக் கொடுக்க மாட்டோம்.