ஒரே மொழி, மூன்று வழிகள்



கணினிக்குக் கட்டளையிடும் மொழிகளுள் பைதன் எளியது. ஒல்லாந்தரான கைடோ வான் ரொசம் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட இம்மொழி இலவசமாகவே கிடைக்கின்றது. ஆயினும், அதனை நிறுவும் முறை எல்லாக் கணினிகளுக்கும் ஒன்றன்று.

விண்டோஸில் நிறுவும்பொழுது, கட்டளைப் பாதையில் பைதனைச் சேர்க்கும் கட்டத்தில் அடையாளமிடுதல் வேண்டும். மறந்தால், நாம் பெயர் சொல்லி அழைத்தாலும் கணினி அதனை அறியாது.

அப்பிள் கணினிகளுடன் வந்த பைதன் 2, 2022ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. ஆதலின் பைதன் 3ஐ நாமே நிறுவுதல் நன்று.

உபுண்டு முதலிய லினக்ஸ் வகைகளிலோ பைதன் முன்னரே இருக்கும். கணினியின் சொந்தக் கருவிகள் சில அதனையே நம்பி இயங்குவன. பழையதென்று அதனை அகற்றினால் கணினியே நிலைகுலையும். வீட்டுத் தூணைப் பெயர்த்து விறகாக்குவார் உண்டோ? நமக்கு வேண்டிய பொதிகளை 'வென்வ்' என்னும் தனிச்சூழலில் இட்டுக்கொள்வதே முறை.

முதல் நாளிலே தடைப்பட்டு, "இக்கல்வி எமக்கு வராது" என்று கைவிடுவோர் பலர். குறை அவர்தம் அறிவிலன்று, நிறுவிய முறையிலேயாம். ஆகவே, அறிந்த நாம் அறியாதார் அருகிலிருந்து அந்த ஒரு மணி நேரத்தை உதவுவோமாக.