கடற்கரை அஞ்சலட்டையும் காளிகாட் படமும்



காலைக் காப்பியோடு ஆங்கில நாளிதழின் குறுக்கெழுத்துக் கட்டங்களை நிரப்புதல் நம் இல்லங்கள் பலவற்றில் வழக்கம். "கடற்கரை அஞ்சலட்டை ஓவியர், ஆறெழுத்து" என்று குறிப்பு வந்தால், சற்றும் தயங்காமல் மெக்கில் என்று எழுதிவிடுகிறோம். 1960களில் ஊக்ளியாற்று வண்டலைக் கொட்டி மேடாக்கிய இந்தச் சால்ட் லேக்கில், பெயரில் உப்பு உண்டே அன்றிக் கடல் இல்லை. ஆயினும் இங்கிலாந்தின் கடற்கரை நமக்கு அத்துணை நெருக்கம்!

டொனால்டு மெக்கில் (1875–1962) அறியத்தக்கவரே. பருத்த மனைவி, அவளுக்கு அஞ்சும் நோஞ்சான் கணவன், சற்றே நாணந்துறந்த சிலேடை: இவற்றை வண்ண அட்டைகளில் தீட்டி, விடுமுறைக்கு வந்த உழைப்பாளர் குடும்பங்களைச் சிரிக்க வைத்தார். அந்நாளைய வங்க மாகாணத்து மோதிஹாரியில் 1903இல் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல், 1941இல் அவரைப் பற்றிக் கட்டுரையே எழுதினார். 1954இல் லிங்கன் நகர நீதிமன்றமோ, அட்டைகள் ஆபாசமென்று அவருக்கு 50 பவுன் அபராதம் விதித்தது. சிரித்தவர்களுக்கு அபராதம் இல்லை!

இச்சிரிப்பு இம்மாநகருக்குப் புதிதன்று. மெக்கில் பிறக்கும் முன்பே காளிகாட்டில் பட்டுவா ஓவியர்கள் யாத்திரிகருக்கு மலிவுப் படங்கள் விற்றனர். தெய்வத் திருவுருவங்களோடு, பெண்டிரிடம் அடிபடும் பகட்டுக்காரப் பாபுவும் அவற்றில் உண்டு. ரட்யார்ட் கிப்ளிங் 1917இல் வழங்கிய காளிகாட் படங்களை இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் பேணுகிறது. இங்கிருந்து பஸ்ஸில் எட்டிவிடக்கூடிய காளிகாட்டை, கட்டத்தில் எழுதச் சொல்லி எவரும் நம்மைக் கேட்டதில்லை.

நம் மாலியின் கதியும் அதுவே. 1930களில் ஆனந்த விகடனில் கேலிச்சித்திரம் தீட்டிப் புகழ்பெற்றவர். அவ்விதழ் அக்காலத்தில் குறுக்கெழுத்துப் போட்டியும் நடத்திற்று. இன்று நம் பிள்ளைகளுள் மாலியை அறிந்தோர் எத்துணைப் பேர்? அவர்களுக்கு வங்கமும் ஆங்கிலமும் பள்ளியில் வந்துவிடுகின்றன. தமிழோ நாவில் நிற்கிறது, விரலுக்கு இறங்கவில்லை.

ஆதலின் மாதந்தோறும் சங்கத்தில் ஒரு தமிழ்க் குறுக்கெழுத்து வைப்போம். ஆங்கிலத்தில் மாலிக்கு நான்கு கட்டம், தமிழில் இரண்டே. ஆறு கட்டத்து மெக்கிலும் நான்கில் அடங்கிவிடுவார். உயிர்மெய்க்கு ஒரு கட்டம், புள்ளி பெற்ற மெய்க்கு ஒரு கட்டம். துணைக்காலைத் தனிக் கட்டத்தில் இடும் குழந்தைக்கு, அவ்விடத்திலேயே எழுத்திலக்கணம் சொல்லிவிடலாம்.

முதற் கட்டத்தை இப்போதே தொடங்குவோம். இடமிருந்து வலம்: விகடனில் வரைந்தவர், இரண்டெழுத்து. அதே 'மா'விலிருந்து மேலிருந்து கீழ்: கடற்கரைக் கோயில் நிற்கும் ஊர், ஏழெழுத்து. விடையைப் பிள்ளைகள் சொல்லட்டும். பெற்றோர் சற்றுப் பொறுத்திருக்க வேண்டுகிறோம்.