பனிச்சறுக்குப் பயிற்றுநர் வேலைக்கு நம்ம பொண்ணு போகலாமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் எங்கள் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை. வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



போன மாதக் கூட்டத்தில் ஒரு குழு கொண்டுவந்த கடன் மனு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கறவை மாடு இல்லை, தையல் மெஷின் இல்லை, மளிகைக் கடையும் இல்லை. கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்த மகள், மணாலிக்குப் போய்ப் பனிச்சறுக்கு கற்றுக்கொண்டு, பின்னால் அதையே சொல்லிக்கொடுக்கும் பயிற்றுநர் ஆகவேண்டும் என்கிறாள். அதற்காக அம்மா உள்கடன் கேட்டார். கேட்டவரே, "எனக்கு இஷ்டம் இல்லை, இவள் தொந்தரவு தாங்காமத்தான் கேக்கறேன்" என்றும் சொன்னார். கூட்டத்தில் ஒரே சிரிப்பு. "பொண்ணு வழுக்கி விழறதுக்கா கடன்?" என்று ஒரு அக்கா கேட்டார். நானும் சிரித்தேன்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. வெளியே போய் நின்றுகொண்டாள். "விசாரிச்சுட்டு வாங்க மேடம், அடுத்த கூட்டத்துல முடிவு பண்ணலாம்" என்று தலைவி என்னிடம் சொன்னார். விசாரித்துவிட்டு வந்திருக்கிறேன். மாட்டுக் கடனுக்கு எப்படிக் கணக்குப் பார்ப்போமோ, அதே மாதிரி இதையும் பார்ப்போம்.

முதல் கேள்வி: இது என்ன தொழில்?

பனி மூடிய மலைச்சரிவில், காலில் இரண்டு நீளப் பலகைகளை மாட்டிக்கொண்டு, கையில் இரண்டு கோல் ஊன்றிச் சறுக்கி இறங்குவது பனிச்சறுக்கு. இரண்டு காலையும் ஒரே பலகையில் வைத்து இறங்குவதும் உண்டு, அதற்கு ஸ்னோபோர்டு என்று பெயர். காஷ்மீரில் குல்மார்க், உத்தராகண்டில் ஔலி, இமாச்சலில் மணாலி பக்கத்து சோலாங் ஆகிய இடங்களுக்குக் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள். அவர்களில் பாதிப்பேர் பனியையே முதன்முதலாகப் பார்க்கிறவர்களாக இருப்பார்கள். அவர்களைக் கையைப் பிடித்து நிற்க வைத்து, நடக்க வைத்து, பத்திரமாக இறக்கிக் கொண்டுவருபவர்தான் பயிற்றுநர்.

நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர் எல்லாரும் பயிற்றுநர் ஆகிவிட முடியாது. நம் குழுவிலேயே பாருங்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். கைநாட்டு வைக்கிற அக்காவுக்குக் கூச்சம் வராமல், பக்கத்தில் உட்கார்ந்து எழுதக் கற்றுக்கொடுத்த ஊக்குநர்கள் எத்தனை பேர்? அது தனித் திறமை. அந்தத் திறமைக்குத்தான் அங்கே சம்பளம்.

ஆஸ்திரியாவில் ஹான்னஸ் ஷ்னைடர் என்று ஒருவர் இருந்தார். மலைக்கிராமத்துக்காரர். 1907-ல் செயின்ட் ஆன்டன் என்ற ஊரில் பயிற்றுநர் வேலைக்குச் சேர்ந்தார். தைரியசாலிகள் மட்டும் செய்துவந்த விளையாட்டை, முதலில் இது, அடுத்து இது என்று படிப்படியாகப் பாடமாக்கினார். கற்க வந்தவர்களின் திறமை பார்த்து வகுப்புப் பிரித்தார். இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கும் பனிச்சறுக்குப் பள்ளிகளுக்கு அவர் வகுத்த முறை பெரிய அடித்தளம்.

அந்தப் பாடத்தில் ஆரம்பத்திலேயே வருவது என்ன தெரியுமா? எப்படி விழுவது, விழுந்தால் எப்படி எழுந்திருப்பது. முன்பக்கம் குப்புற விழக்கூடாது, பக்கவாட்டில் மேட்டுப்பக்கமாகச் சாயவேண்டும். எழும்போது பலகை இரண்டும் சரிவுக்குக் குறுக்கே, உடம்புக்குக் கீழ்ப்பக்கம் இருக்கவேண்டும். இல்லையென்றால் எழுந்த வேகத்தில் மறுபடி வழுக்கிக்கொண்டு போவோம். அடுத்த பாடம், நிற்பது. பலகைகளின் முன்முனைகளைக் கிட்டக் கொண்டுவந்து பின்முனைகளை விரித்தால் வேகம் குறையும். இதற்கு ஸ்னோ ப்ளோ என்று பெயர், பனி தள்ளும் கலப்பை என்று அர்த்தம். வேகமாகப் போவதெல்லாம் அதற்கப்புறம்தான்.

இரண்டாவது கேள்வி: எங்கே, எப்படிப் படிப்பது?

மணாலியில் அடல் பிஹாரி வாஜ்பாய் மலையேற்ற நிறுவனம் இருக்கிறது. 1961-ல் தொடங்கிய அரசு நிறுவனம். குல்மார்க்கில் மத்திய சுற்றுலாத் துறையின் பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனம் இருக்கிறது. பனிச்சறுக்கு வகுப்புகள் ஜனவரி முதல் மார்ச் வரையில்தான் நடக்கும். அடிப்படை வகுப்பு இரண்டு வாரம். அதில் நன்றாகத் தேறினால் இடைநிலை, பிறகு உயர்நிலை. கடைசியில் "கற்பிக்கும் முறை" என்று தனி வகுப்பு. அதுதான் பயிற்றுநர் ஆவதற்கான படி. அங்கே நீ எவ்வளவு வேகமாக இறங்குகிறாய் என்று மட்டும் பார்ப்பதில்லை. மெதுவாகச் செய்து காட்டுகிறாயா, எதிரில் இருப்பவர் செய்யும் தப்பு உன் கண்ணில் படுகிறதா, அதைத் திட்டாமல் திருத்துகிறாயா, உன் பின்னால் வருகிற எட்டுப் பேரையும் எண்ணிக் கூட்டிக்கொண்டு வருகிறாயா என்று பார்ப்பார்கள்.

ஆக, ஒரே குளிர்காலத்தில் ஆகிற காரியம் இல்லை. மூன்று நான்கு வருஷம் ஆகலாம். இதை மறைக்காமல் அந்தப் பெண்ணிடமும் சொல்லிவிட்டேன்.

மூன்றாவது கேள்வி: வெயில் ஊர்ப் பெண்ணால் முடியுமா?

நம்ம ஊரில் பனி என்றால் மார்கழி மாதப் பனிதான். ஆனால் பக்கத்து கர்நாடகத்தில், குடகு மாவட்டத்தில் பவானி தெக்கடா நஞ்சுண்டா என்ற பெண் இருக்கிறார். காபி விளைகிற ஊர். மலையேற்றம் கற்கப் போய், அங்கிருந்து பனிச்சறுக்குக்கு வந்தவர். குல்மார்க்கில் நடந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளில் கர்நாடகத்துக்குத் தங்கம் வாங்கித் தந்தார். 2025-ல் சிலி நாட்டில் நடந்த சர்வதேசப் போட்டியில் 5 கிலோமீட்டர் பிரிவில் வெண்கலம் வென்றார். குடகிலும் பனிச்சரிவு கிடையாது.

விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி 2023 மே 23-ல் எவரெஸ்ட் ஏறினார். தமிழ்நாட்டிலிருந்து எவரெஸ்ட் ஏறிய முதல் பெண். அவர் சென்னையில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஆசிரியை.

அதே மே 23-ல், 1984-ல், எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண் பச்சேந்திரி பால். உத்தரகாசி பக்கம் நகுரி என்ற கிராமம். எம்.ஏ., பி.எட். படித்தவர். வீட்டில் அவரைப் பள்ளிக்கூட ஆசிரியையாகப் பார்க்கவே ஆசைப்பட்டார்கள். தகுந்த வேலை கிடைக்காமல் மலையேற்றப் பயிற்சிக்குப் போனார். எவரெஸ்ட் ஏறுவதற்கு முன்னாலேயே, பெண்களுக்கு மலையேற்றம் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்றுநர் ஆகிவிட்டார். பின்னால் பல வருஷம் டாடா ஸ்டீல் நிறுவனத்தின் சாகசப் பயிற்சி மையத்துக்குத் தலைமை வகித்தார். 1993-ல் அவர் தலைமையில் போன பெண்கள் குழுவிலிருந்து ஏழு பெண்கள் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார்கள். வீட்டார் ஆசைப்பட்ட ஆசிரியை வேலையைத்தான் அவரும் செய்தார், வகுப்பறைதான் வேறு.

நான்காவது கேள்வி: ஆபத்து இல்லையா?

இருக்கிறது. இதைச் சொல்லாமல் கடன் கொடுங்கள் என்று கேட்டால் நான் உங்களை ஏமாற்றுகிறேன் என்று அர்த்தம்.

2022 அக்டோபர் 4-ஆம் தேதி, உத்தரகாசி மாவட்டத்தில் திரௌபதி கா டாண்டா என்ற மலையில் பனிச்சரிவு ஏற்பட்டது. மலையேற்றப் பயிற்சிக்குப் போன குழுவில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் சவிதா கன்ஸ்வால் ஒருவர். எளிய விவசாயக் குடும்பத்துப் பெண். அதே வருஷம் மே மாதம் எவரெஸ்டும் மகாலுவும் ஏறியவர். அன்றைக்கு மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப் போன பயிற்றுநர்.

அது உயரமான மலையில் ஏறும் பயிற்சி. அடிப்படைப் பனிச்சறுக்கு வகுப்பு, அதற்கென்று வைத்திருக்கும் தாழ்வான சரிவில் நடக்கும். அங்கே அதிகம் நேர்வது மூட்டுப் பிசகுவது, கை கால் முறிவது. பலமாக விழுந்தால் பூட்ஸ் பலகையிலிருந்து தானே கழன்றுகொள்ளும்படி கொக்கி வைத்திருக்கிறார்கள். அப்படியும் அடிபடலாம்.

"காலு ஒடைஞ்சா நாளைக்கு யாரு கட்டிக்குவாங்க?" என்று அந்த அம்மா கேட்டார். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். அந்த பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். நம் பெண்கள் கல் சுமக்கும்போதும், பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்ச் சாரம் ஏறும்போதும் கால் ஒடிவதில்லையா? அப்போது யாரும் கேட்காத கேள்வி, அவளாக ஆசைப்பட்டு ஒன்றைக் கேட்கும்போது மட்டும் ஏன் வருகிறது?

ஐந்தாவது கேள்வி: வரவு எப்படி?

பனி இருக்கிற மூன்று மாதம்தான் இந்த வேலை. பனி குறைந்த வருஷம் வருமானமும் குறையும். அதனால் பயிற்றுநர்கள் பலர் மற்ற மாதங்களில் மலை நடைப்பயணம், ஆற்றுப் படகு, பாறை ஏற்றம் என்று வேறு வேலையும் கற்று வைத்திருக்கிறார்கள். நம்ம ஒகேனக்கல் பரிசல்காரர்கள் தண்ணீர் வரத்தைப் பார்த்துப் பிழைப்பு நடத்துகிற மாதிரிதான் இதுவும். மாடு மாதிரி மாதாமாதம் பால் காசு வரும் என்று எழுதி, தவணை போட்டுவிடாதீர்கள்.

இப்போது என் கருத்தைச் சொல்றேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பெண் என்னிடம் வந்து, கனரக வாகனம் ஓட்டக் கற்கணும் என்றாள். "உனக்கு எதுக்கும்மா அதெல்லாம், தையல் வகுப்புல இடம் இருக்கு" என்று சொல்லி அனுப்பினேன். சமூகப்பணி படித்தவள் நான். அவளுக்கு மெஷினும் வாங்கிக் கொடுத்தோம். போன வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். மெஷின்மேல் துணி போர்த்தி, அதன்மேல் டி.வி. வைத்திருக்கிறார்கள். அவள் என்னைக் குறை சொல்லவில்லை, காபி போட்டுக் கொடுத்தாள். எனக்குத்தான் இறங்கவில்லை.

அதனால் இந்த முறை சிரித்துத் தள்ளிவிடாமல் ஒரு யோசனை சொல்கிறேன். பயிற்றுநர் ஆகும்வரை ஆகும் மொத்தச் செலவுக்கும் கடன் வேண்டாம். அடிப்படை வகுப்புக்கு மட்டும் உள்கடன் கொடுப்போம். அரசு நிறுவனத்தில் தங்குமிடம், சாப்பாடு, பலகை, பூட்ஸ் எல்லாம் கட்டணத்தில் சேர்ந்தே வரும். கட்டணம் வருஷத்துக்கு வருஷம் மாறுவதால், பணம் கட்டுமுன் நிறுவனத்திலேயே நேரடியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். இடைத்தரகர் வேண்டாம். அதுபோக ரயில் செலவும் குளிர் உடுப்பும். சேலத்திலிருந்து டெல்லிக்கு இரண்டு ராத்திரிப் பயணம், அங்கிருந்து மணாலிக்குப் பஸ்.

இதற்கு மூன்று நிபந்தனை வைக்கலாம். ஒன்று, மருத்துவச் சான்று. இரண்டு, விபத்துக் காப்பீடு. பல பாலிசிகளில் சாகச விளையாட்டு சேராது, படிவத்தைப் படித்துக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடவேண்டும். மூன்று, புறப்படும்வரை தினமும் ஓட்டப் பயிற்சி, கொஞ்சம் இந்தி. திரும்பி வந்தபின், மேலே போவதா வேண்டாமா என்று அவள் சொல்லட்டும். வேண்டாம் என்றால் அதுவும் தோல்வி இல்லை. கடனை வேறு வேலை பார்த்து அடைக்கிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

1989-ல் நம்ம தர்மபுரியில்தான் தமிழ்நாட்டின் மகளிர் குழுக்கள் அரசுத் திட்டமாக ஆரம்பித்தன. அப்போது பேங்க் படி ஏறின பெண்களைப் பார்த்தும் ஊர் சிரித்தது. அன்று ஏறக் கற்றவர்கள் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததால்தான் இன்று இத்தனை பேர் இங்கே உட்கார்ந்திருக்கிறோம். இதே மாவட்டத்தில்தான் பெண் குழந்தை பிழைக்கட்டும் என்று தொட்டில் வைக்கவேண்டி இருந்தது. அப்படிப்பட்ட ஊரில் பிறந்து பிழைத்த பெண் பதினான்கு நாள் கேட்கிறாள்.

நேற்று அந்த அம்மா என்னிடம், "உங்க பொண்ணா இருந்தா அனுப்புவீங்களா மேடம்?" என்று கேட்டார். உடனே பதில் வரவில்லை. ராத்திரி யோசித்தேன். அனுப்புவேன் அக்கா. பயந்துகொண்டுதான் அனுப்புவேன். தினமும் போன் பண்ணச் சொல்லுவேன்.

முடிவு குழுவினுடையது. தீர்மானப் புத்தகத்தை எடுங்கள், பேசுவோம். அந்தப் பெண்ணை இந்த முறை வெளியே நிற்க வைக்காமல், உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவோம்.