பாதிக் கதை போதாது
(ஆம்பூர் வாலிபர் கூட்டத்தில் பேசியது)



கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தவர்களை மேடையேற்றிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லச் செய்வது இப்போது வழக்கமாகி வருகிறது. நாம் அதை வேண்டாமென்று சொல்ல வரவில்லை. பாதிக் கதையை மறைக்கக்கூடாது என்றே சொல்லுகிறோம்.

நமது வேலூரிலேயே டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார் இருந்தார். 1954-இல் மோட்டார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, அவருக்குக் கால்கள் செயலற்றுப் போயின. தலைவிதியென்று படுத்துவிட்டாரா? இல்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ரண சிகிச்சை செய்தார். 1966-இல் தம்மைப் போன்றவர்களுக்காக வேலூரில் மறுவாழ்வு நிலையம் ஏற்படப் பாடுபட்டார்.

அம்மையார் கடவுள் பக்தியுள்ளவர்தான். ஆனாலும் அவரை எழுந்து உட்காரச் செய்தவை வைத்தியமும், சக்கர நாற்காலியும், கற்ற கல்வியும், கூட நின்ற மனிதர்களும் அல்லவா? "மன உறுதி ஒன்றே போதும்" என்கிறவர்கள் இதைத்தான் மறைக்கிறார்கள். ஷூ கம்பெனியிலும் தோல் பதனிடும் சாலையிலும் உழைப்பவரின் பிள்ளை பரீட்சையில் தவறினால், "உனக்கு உறுதியில்லை" என்பதற்கும் "உன் தலையெழுத்து" என்பதற்கும் என்ன வித்தியாசம்? பழைய தலைவிதியே புது வேஷத்தில் வருகிறது!

ஆகையால், இனிப் பேச வருகிறவரைக் கேளுங்கள்: "ஐயா, உங்களுக்குக் கைகொடுத்தவர் யார்? சோறும் புத்தகமும் எங்கிருந்து வந்தன? எங்களுக்கும் அவை கிடைக்க வழி என்ன?" அப்படிக் கேட்பதே சுயமரியாதை.