கொழுந்தெடுக்கும் கை
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழாவிலே கைநோவைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். நம் தோட்டங்களில் அடுப்பு எரிவது கையின் உழைப்பாலன்றோ! பல தோட்டங்களில் ஒரு பேருக்கு 18 கிலோ, 20 கிலோ கொழுந்து கேட்கிறார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக அத்தனையையும் பெருவிரலும் சுட்டுவிரலுமே கிள்ளியெடுக்க வேண்டும். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்கு வந்தால், ரொட்டிக்கு மாவு பிசைவதும் அதே கைதான்.

அந்தக் கை வலித்தால் தைலம் பூசுகிறோம், சுளுக்கென்று உருவிவிடுகிறோம். இரத்தம் வராத நோயை நாம் நோயாகவே கணக்கில் எடுப்பதில்லை. வைத்தியசாலைக்குப் போனால் அன்றைய பேர் போய்விடுமே என்ற கவலையும் உண்டு. அது பொய்க் கவலையன்று.

நமக்குத் தெரிந்த தாயார் ஒருவர் நடுச்சாமத்தில் எழுந்து கையை உதறுவார். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் மரத்து, எறும்பு ஊர்வதுபோல் இருக்கும் என்பார். பனிக்குளிர் என்று யாவரும் சொன்னோம், நாமும் சொன்னோம். பெருவிரலின் அடிச்சதை வற்றி, சட்டைப் பொத்தான் போட முடியாமற் போன பின்னரே வைத்தியரிடம் சென்றார்.

மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு குறுகிய வழியுண்டு. விரல்களை மடக்கும் தசைநார்களும் ஒரு நரம்பும் அதனூடே செல்கின்றன. அங்கே வீக்கம் கண்டால் நரம்பு நசுங்கும். ஓயாத கைவேலை இதற்கு ஒரு காரணம். கர்ப்பிணிகளுக்கும் நீரிழிவுக்காரருக்கும் இது கூடுதலாக வரும். தொடக்கத்திலேயே வந்தால், இரவில் மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டி பலருக்குப் போதும். அதற்கு மிஞ்சினால் ஊசி. அதற்கும் மிஞ்சினால் சிறிய சத்திரசிகிச்சை. சதை வற்றிய பின்னர் பழைய பலம் முழுவதும் திரும்புமென்று எவரும் உறுதி கூற முடியாது. அத்தாயாருக்கு இரவு நோவு தீர்ந்தது. பொத்தானை இன்றும் பேத்திதான் போட்டுவிடுகிறாள்.

பெருவிரற் பக்கத்து மணிக்கட்டு நோவு வேறு. பெருவிரலை உள்ளே வைத்து முட்டி மடக்கி, கையைச் சுண்டுவிரற் பக்கம் சாய்த்தால் உயிர் போகும். சுவிற்சர்லாந்து வைத்தியர் டி கேர்வெய்ன் 1895இல் எழுதிவைத்த நோய் இது. கைக்குழந்தையைத் தூக்கும் தாய்மாருக்கும் வரும். இதற்கும் ஓய்வு, பட்டி, ஊசி என்று வைத்தியம் இருக்கிறது.

வாலிபர்களே, மழைநாளில் மலைச்சரிவில் வழுக்கி உள்ளங்கையை ஊன்றி விழுகிறோமே, அதைக் கவனியுங்கள். பெருவிரலை விரித்தால் அதன் அடியில் ஒரு குழி தோன்றும். அக்குழியை அழுத்த நோவு கண்டால், சுளுக்கென்று உருவ வேண்டாம். அங்குள்ள சிறிய எலும்பு உடைந்திருக்கலாம். முதல் நாள் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். ஆகவே இரண்டு வாரத்தில் மறுபடி பார்ப்பார்கள். அவ்வெலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு. கவனியாது விட்டால் ஒட்டாமல், ஒரு பகுதி செத்தும் போகலாம்.

கவ்வாத்துக் கத்தி விரலைத் துண்டித்துவிட்டால், காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கையை உயர்த்திப் பிடியுங்கள். கோப்பித்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பொலித்தீன் பையிலிட்டு இறுகக் கட்டி, அப்பையை ஐஸ் நீரில் வையுங்கள். ஐஸ் விரலில் நேரே படக்கூடாது. உடனே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். வேலையில் நேர்ந்த காயத்தை அன்றே தோட்ட அலுவலகத்தில் பதியச் செய்யுங்கள். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் நமக்காக இருக்கிறது. பதிவில்லாதவன் அதைக் காட்டி வழக்குப் பேசுவது கடினம்.

டிக்கோயாவில் 150 கட்டில்களுடன் கட்டப்பட்ட வைத்தியசாலை 2017 மே 12இல் திறக்கப்பட்டது. அரசாங்க வைத்தியசாலையாதலால் வைத்தியத்துக்குக் காசு கேட்கமாட்டார்கள். ஆனால் நம் தாய்மார் அங்கே போய், “கை வலிக்குதுங்க” என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். சங்க வாலிபர்கள் கூடச் செல்லுங்கள். எந்த விரல் மரக்கிறது, எத்தனை மாதமாக, இரவிலா பகலிலா என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.