கிழவிக்கு எதற்கு ஆபரேஷன்?
(உழவர்கரையில் பேசியது)



எங்கள் தாயாருக்கு இருதய வால்வு சுருங்கிவிட்டது. வயது 80; ஆபரேஷன் முடியாதென்றார் டாக்டர். உடனே உறவினர்கள், "தலைவிதி" என்று ஜோசியனைத் தேடினார்கள். நாமும் வாய்மூடியிருந்தோம். நான்கு மாதத்தில் போய்விட்டார்.

டாக்டர் சொன்னதென்ன? மார்பைப் பிளந்தால் உடம்பு தாங்காதென்பதுதானே! பிளக்காமல் வழியுண்டா என்று நாம் கேட்கவேயில்லை.

பிரான்சில் ரூவான் நகரத்து டாக்டர் அலேன் கிரிபியே கேட்டார். 2002-இல், சர்ஜன்கள் கைவிட்ட ஒருவருக்குத் தொடை இரத்தக்குழாய் வழியாகவே வால்வு பொருத்தினார். 2010-இல் வெளியான ஆராய்ச்சியில், ஆபரேஷனுக்கு லாயக்கில்லையென்று தள்ளப்பட்டவர்களில், பழைய வைத்தியம் பெற்றோர் ஓராண்டுக்குள் 100-க்குச் சுமார் 51 பேர் மாண்டார்கள். புது வால்வு பெற்றோர் சுமார் 31 பேர். அந்த 31-ஐயும் மறைக்கக் கூடாது. இது மந்திரமல்ல, வைத்தியம்.

உங்களில் பலருக்குப் பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள். அதற்காக நிலத்தை விற்று விமானமேறாதீர்கள். இன்று சென்னையிலேயே இது நடக்கிறது. மறுத்த டாக்டரிடமே காரணத்தை எழுதி வாங்குங்கள். அந்தக் காகிதத்தையும் எக்கோ படத்தையும் வேறொரு இருதய டாக்டரிடம் காட்டுங்கள். அவரும் முடியாதென்றால், பிள்ளைக்கு அனுப்பி அங்கே கேட்கச் சொல்லுங்கள். டிக்கெட்டு அதற்குப் பிறகுதான்.